கரும்பாறைக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது தடவையும் கடப்பாரை ணங்கென்று எகிறியது. குழி முழங்கால் ஆழம்கூட இறங்கவில்லை.

"முடியலக்கா," என்றான் குழி வெட்டும் சாந்தினோ. "மலை உருக்கி ஊத்துன பாறை. கடப்பாரை வளைஞ்சாலும் வளையும், இது அசையாது."

நுன்ஸியாத்தா அப்பாவுக்கான குழியை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அம்மாவுக்கு அரை மணி நேரத்தில் வெட்டினார்கள். பொலபொலவென்ற சாம்பல் மண். இங்கும் அதுவே இருக்கும் என்று அப்பா நம்பிவிட்டார். "உங்கம்மா பக்கத்துல போட்டுடு." நேற்று மூச்சுத் திணறலுக்கு நடுவே அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"சீக்கிரம்மா," என்றார் பெரிய தீவிலிருந்து வந்திருந்த பாதிரியார். "மத்தியானத்துக்கு மேல கடல் என்னை விடாது."

"மேல் மூலையில மண்ணு நல்லாருக்கு. அங்க போட்டுடலாமாக்கா?"

அவள் அம்மாவின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கும் சாம்பல் மண்தான். ஆனால் அது பக்கத்து வீட்டு கலோஜெரோ தனக்கென்று வைத்திருந்த இடம். அந்தத் தீவில் வீடுகளைப் போலவே கல்லறைகளும் அக்கம்பக்கம். ஊற்றே இல்லாத மலை, மழைநீர்தான் எல்லாம். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வறட்சியில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கால்வாயை அப்பா தன் தொட்டிக்குத் திருப்பிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. எந்த முகத்தோடு கேட்பது?

சுவரோரம் நின்றிருந்த கலோஜெரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"என்ன முழிக்கிறீங்க? என் எடத்துல வெட்டுங்க."

"மாமா, அது உங்களுக்குன்னு…"

"எனக்கு நேரம் வந்தா அந்தப் பாறை மேல வச்சு நாலு கல்லை அடுக்குங்க. உங்கப்பனோடயே முப்பது வருஷம் மல்லுக்கு நின்னவன். பாறை என்னை என்ன செய்யும்?"

சாந்தினோவுக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"தண்ணி விஷயத்துல அப்பா செஞ்சது தப்பு மாமா. சாகறதுக்குள்ள சொல்லியிருக்கணும்."

"அவன் சொன்னா நான் பதில் சொல்லணுமே. ரெண்டு பேருக்கும் வாய் வரல. வெட்டுடா, சாமி காத்திருக்காரு."

கடவுள் சிலருக்குப் பூட்டிய வாயைத் திறப்பதில்லை, கையைத் திறந்துவிடுகிறார். கலோஜெரோவும் மண்வெட்டியை எடுத்தார். மண் சத்தமில்லாமல் வழிவிட்டது.

ஜெபம் முடிந்து மற்றவர்கள் படகுத்துறைக்கு இறங்கிப் போனார்கள். நுன்ஸியாத்தா பின்தங்கினாள். கலோஜெரோ அரைகுறைக் குழியின் கரும்பாறையில் உட்கார்ந்து, செருப்புக்குள் போன சாம்பலைக் கொட்டினார். மாட்டிக்கொண்டு வாரைக் கட்டக் குனிந்தார், இடுப்பு வளையவில்லை.

நுன்ஸியாத்தா மண்டியிட்டு வாரை மாட்டினாள்.

"ரொம்ப இறுக்காத பிள்ளே," என்றார். "எழுநூறு படி இறங்கணும்."

அவள் ஒரு துளை தளர்த்தி, மறுபடி மாட்டினாள்.