விட்டுக்கொடுத்தவன் என்றார்கள்

ஒலிபரப்பு அறையின் தடித்த கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. நீண்ட மேசையின் ஒருபுறம் விரிவுரையாளர்கள், எதிரே மாணவர்கள். வரலாறு கற்பிக்கும் அவள் கடைசி நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு நேர் எதிரே, மூன்று இளசுகளுக்குப் பக்கத்தில், நரை எட்டிப்பார்க்கும் தலையோடு அவள் கணவன்.

பல்கலைக்கழகத்துக்கே தெரிந்த சங்கதிதான். அவள் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கட்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டு, பேருந்துப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி இயற்பியல் வகுப்பில் போய் உட்கார்ந்தான். கூடப் படிப்பவர்கள் 'தாத்தா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால், "என்ன பேராண்டி" என்று அவனும் திரும்புவான்.

இன்று அவன் முகத்தில் அந்த விளையாட்டு இல்லை. வானொலியில் வினாடி வினாப் போட்டி, நேரலை. இரண்டு அணிகளும் சம மதிப்பெண்ணில் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தன. கடைசி நாற்காலிக்காரர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டும். மணியை முதலில் அடிப்பவருக்கு முதல் வாய்ப்பு, அவர் தவறவிட்டால் எதிரணிக்கு.

போட்டி நடத்துநர் கேள்வியைப் படித்தார். நிலவில் நிற்பவருக்குப் பகலிலும் வானம் கறுப்பாகத் தெரிவது ஏன்?

போன வாரம்தான் மொட்டைமாடியில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே அவன் அவளுக்கு அதை விளக்கினான். அவன் கை மணிமேல் விழுந்தது. மாணவர் அணித் தலைவியான கண்ணாடிக்காரப் பெண் அதற்குள் ஜெயித்துவிட்டதுபோல் சிரித்தாள்.

அவன் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். காதொலிப்பானைப் பிடித்தபடி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற தொழில்நுட்பக்காரர், பேசச் சொல்லிக் கையை ஆட்டினார். அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

நேரம் முடிந்தது. நடத்துநர் அவள் பக்கம் திரும்பினார்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஊரே கேட்க ஒரு பொய்யைச் சொல்லி அவனுக்குப் பிச்சை போடுவதா? அங்கே காற்று இல்லை, ஒளியைச் சிதறடிக்க எதுவும் இல்லை என்றாள். விரிவுரையாளர்கள் கைதட்டினார்கள்.

தாழ்வாரத்தில் தலைவி அவனை வழிமறித்தாள். "தாத்தா, மேடத்துக்காக விட்டுக்குடுத்துட்டீங்கல்ல?"

அவன் மறுக்கவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்தான். தலைவியின் கண் கலங்கியதை அவள் பார்த்தாள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றார்கள். பழைய கடன் ஒன்று வட்டியோடு கழுத்தை இறுக்குவதுபோல் இருந்தது அவளுக்கு. ஏற்கெனவே ஒருமுறை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டவள். இன்றுமா?

"உண்மையைச் சொல்லுங்க. எனக்காகவா பேசாம இருந்தீங்க?"

அவன் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தான். "பயந்துட்டேன். மைக்கப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

"அப்போ அந்தப் பொண்ணு கேட்டப்போ?"

"பயந்தான்னு சொல்றதவிட பொண்டாட்டிக்காக விட்டான்னா கொஞ்சம் கௌரவமா இருந்துச்சு."

அவளுக்கு மலைபோன்ற பாரம் இறங்கியது. அதே மூச்சில் கோபமும் ஏறியது. "உங்க கௌரவத்துக்கு நான் வேணுமா? அந்தப் பொண்ணு அழுதுட்டு நிக்குது. போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவன் தயங்கினான். பிறகு சாலையைக் கடந்தான். வானொலி நிலைய வாசலில் நின்ற தலைவியிடம் அவன் ஏதோ சொல்வதும், அந்தப் பெண் விரலை நீட்டித் திட்டுவதும், இவன் பள்ளிக்கூடப் பையனைப்போல் தலை குனிந்து நிற்பதும் இங்கிருந்து தெரிந்தது. அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்தது. அவள் அதைப் போகவிட்டாள்.

திரும்பி வந்தவனின் காது மடல் சிவந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"செம திட்டு. அடுத்த போட்டில முதல் கேள்விக்கே நான்தான் பதில் சொல்லணுமாம். பயம் அப்பவே தெளிஞ்சிடுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்" என்றான். அடுத்த பேருந்து வருகிறதா என்று அவளோடு சேர்ந்து சாலையைப் பார்த்தான்.