இடப்பக்கம் நைனா

செத்துப்போன நைனாவின் குரலை ரஞ்சனி பாதியாகக் குறைத்தாள்.

"இன்னும்," என்றான் அண்ணன் வெற்றிவேல்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா துரைக்கண்ணு. உள்ளறையில், கல்யாண வீடியோக்களுக்கு அவள் பாட்டு மிக்ஸ் செய்யும் கம்ப்யூட்டர் முன்னால், அண்ணனின் ஐந்து நிமிட இரங்கல் உரை ஓடியது. கட்சியில் அவன் துணை அமைப்பாளர். எந்த அணிக்கு என்பது அந்த அணிக்கே தெரியாது. 'உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேனே' என்று உரையில் மூன்று இடங்களில் அழுதிருந்தான். ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் தாங்கியவள் ரஞ்சனி. இவன் வந்தது ஐஸ் பெட்டிக்குப் பிறகு.

அவள் போனுக்கு நைனா அனுப்பிய குரல் பதிவொன்றில் 'வெற்றி' என்று வரும். அவனுக்கு அது போதும்.

"அதுல உன் பேரு மட்டும் இல்லண்ணா. மிச்சமும் இருக்குது."

"சவுண்ட கொறச்சா மிச்சம் யாருக்குக் கேக்கப் போவுது? எனக்குப் பின்னாடி முணுமுணுன்னு இருந்தா போதும்."

"ஊரு கடைசியா கேக்கற குரலுண்ணா."

"ஊரு கேக்க வேண்டியது என்னத்தான்."

பிறகு ஆசை பெருகியது. "சினிமால ஒரு காதுல ஒருத்தன், இன்னொரு காதுல ஒருத்தன் பேசுவானே, அப்டி வை. மாவட்டம் வர்றாரு."

திரையில் நைனாவை முழுக்க இடப்பக்கம் தள்ளினாள். அண்ணனை முழுக்க வலப்பக்கம். அவன் வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக் கேட்டான். இடது காதில், போனில், மாவட்டச் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். "சூப்பர்," என்றான். யாருக்கு என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. முன்னால் கோதண்டராமனின் மைக் செட் ஆட்டோ. அதன் தலையில் ஒரே ஒரு கூம்பு ஸ்பீக்கர். அவர் பென் டிரைவைச் செருகும்போது ரஞ்சனி கவனித்தாள்: இடப்பக்க ஒயர் மட்டும்தான் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. வலப்பக்கத்தது அறுந்து தொங்குகிறது.

"அண்ணா, ஒரு நிமிஷம். அந்த ஒயரு..."

"பொம்பளைங்க தெருமுனையோட சரி. உன் வேல முடிஞ்சிது, பின்னாடி போ," என்றான் அண்ணன்.

அவள் பின்னால் போனாள்.

வெற்றிவேல் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, தோளில் துண்டைத் தயாராகப் போட்டுக்கொண்டு, தன் குரலுக்காகக் காத்திருந்தான். கூம்பு ஏதோ முணுமுணுத்தது.

"யோவ் கோதண்டம், சவுண்டு பத்தல, ஏத்துய்யா!"

ஏற்றினார்.

"வெற்றி இன்னிக்கும் போன எடுக்கலம்மா," என்றது கூம்பு, ராஜகிரிப் பாறை வரைக்கும். "விடு, தொந்தரவு பண்ணாத. வேலையா இருப்பான்."

பறை தானாக நின்றது. மாவட்டம் குனிந்து செருப்பைப் பார்த்தார். கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. உரை முடிய இன்னும் நாலரை நிமிடம். பதிவை நிறுத்தத் தெரியாமல் துரைக்கண்ணு விட்டிருந்த மூச்சு, தெரு முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.