கொட்டாஞ்சேனையில் போட்ட சுவெட்டர்

கொழும்பு ஆட்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாததற்குத்தான் பயமும் கூட. நுவரெலியாவுக்குப் போகிறோம் என்றதும், கொட்டாஞ்சேனை வீட்டில் ஃபேன் முழு வேகத்தில் சுழலும்போதே பிள்ளைகளுக்குக் கம்பளியை மாட்டிவிடுவோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

என் தங்கை புளோறன்ஸ் நுவரெலியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய கைக்குழந்தைக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத்துக்கு இரண்டு தரம் நாள் குறித்தார்கள், இரண்டு தரமும் நான் போகவில்லை. புறப்படுகிற நேரம் பார்த்து என் சின்னவன் அனுஜனுக்கு வீசிங் வந்துவிடும். அவன் நெஞ்சில் விசில் கேட்டால் நான் வாசலைத் தாண்டமாட்டேன். புளோறன்ஸ் கோவிக்கவில்லை. "நீ வராமல் பிள்ளையின்ர தலையில தண்ணி ஊத்த விடமாட்டன்" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. இப்போது மூன்றாம் தரமாக, நாங்கள் புறப்படுவதற்கு மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு என்று நாள் குறித்திருந்தார்கள்.

என் கணவர் டெரிக்குக்கு ஒருகொடவத்தையில், கொன்டெய்னர் யார்டில் வேலை. நான் அடுக்கிய பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன ஐறீன், கனடாவுக்கா போறம்?"

"சிரியுங்கோ. குளிரில பிள்ளைக்கு இழுத்தா நீங்களா பாக்கிறது?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சரி. ஆனா ஒண்டு. அவன் இருமினா, எங்க நிண்டாலும் வேனைத் திருப்பிப்போடுவன்."

பிள்ளைகளுக்கு முன்னால்தான் சொன்னார். நானும் அதற்குத் தலையாட்டினேன்.

வழியில் அவிசாவளை வருமுன்னே அனுஜன் வேர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டான். பெனியன், சேர்ட், சுவெட்டர், அதற்கு மேல் இன்னொரு சுவெட்டர், காதை மூடிய தொப்பி. வேர்க்காமல் என்ன செய்யும்? கொஞ்சத் தூரத்தில் கழற்றலாம் என்றிருந்தேன். கித்துல்கலவில் மழை பிடித்துக்கொண்டது, காற்றும் சில்லென்று மாறிவிட்டது. ஈர உடுப்போடு அவனை வைத்திருக்கவே முடியாது. டெரிக்கிடம் வேனை ஓரங்கட்டச் சொல்லிப் பெட்டியைக் கிளறினேன். எதை இழுத்தாலும் கம்பளி. உள்ளே போட ஒரு காய்ந்த பெனியன் கிடையாது. குளிருக்குப் பயந்தவள் மெல்லிய உடுப்பை எங்கே நினைத்தாள்? எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

டெரிக் தன் வெள்ளைச் சேர்ட்டை எடுத்து நீட்டினார். கோயிலுக்கென்று நான் அயன் பண்ணி வைத்திருந்த பருத்திச் சேர்ட். அனுஜனின் உடம்பைத் துடைத்து அதை மாட்டினேன். கணுக்கால் வரை தொங்கியது. மேலே ஒரே ஒரு சுவெட்டர்.

"தம்பி பாதர் மாதிரி" என்று மகள் நிலூஷா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண் கலங்க உட்கார்ந்திருந்தான்.

"என்ன ராசா, நெஞ்சு நோகுதா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"அம்மா, அவன் இருமலைப் பிடிச்சு வச்சிருக்கிறான்" என்றாள் நிலூஷா. "என்னட்டச் சொன்னவன். இருமினா அப்பா வேனைத் திருப்புவாராம். பிறகு நீங்க குசினிக்குள்ள போய் அழுவீங்களாம்."

போன இரண்டு தரமும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அழுதேன். இந்தச் சின்ன உயிர் அதைப் பார்த்து வைத்திருக்கிறது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருக்க, அவன் மூச்சை அடக்கி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

"இருமு ராசா" என்றேன். "அம்மா அழமாட்டன்."

அவன் டெரிக்கைப் பார்த்தான்.

"இருமடா" என்றார் டெரிக். "அப்பா சும்மா சொன்னனான்."

அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இருமி முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தேன். பிறகு அவன் நெஞ்சில் காதை வைத்தேன். வேன் கூரையில் மழை இரைந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இதயம் அடிக்கிற சத்தம். மூச்சு போய் வருகிற சத்தம். விசில் இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் முதுகுப் பக்கமும் வைத்துக் கேட்டேன். அங்கேயும் இல்லை. வீசிங் வந்தால் வாயில் அடிக்கிற பம்ப், தேவைப்படாமல் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

டெரிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். "நீதான் சொல்லோணும், ஐறீன்."

"மேல போங்கோ" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

வேன் மலை ஏறத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு, அனுஜன் வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினான். வேன் திரும்பவில்லை. இன்னொன்று இருமிப் பார்த்தான்.