அடுப்புத் தீ

மனுக்களோடு வந்தவர்கள் வாசலில் செருப்பை விடும்போதே எம்.எல்.ஏ. உக்கிரபாண்டியின் கண் அந்தக் கூட்டத்தில் சொர்ணத்தாயைப் பார்த்துவிட்டது. அவள் கையில் மனு இல்லை. சின்ன மகள் வேலுத்தாயைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, வேப்பமரத்தோரம் ஒதுங்கி நின்றாள். முன்னால் நின்றவர் கழுகுமலைக்கு இன்னொரு பஸ் வேண்டுமென்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னோம் என்பது உக்கிரபாண்டிக்குப் பிறகு ஞாபகம் வரவில்லை.

எழுபத்தேழில் சட்டசபைக்குப் போவதற்கு முன் அவர் தீப்பெட்டி ஆபீஸ்காரர்; தீப்பெட்டித் தொழிற்சாலையை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் பொய்த்த வருஷம், உழவு மாட்டை விற்று, கரிசல் காட்டு நடுவே ஒரு கொட்டகை போட்டு ஆரம்பித்தது. வேலைக்கு வருகிற பெண்களை 'ஏட்டி' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, 'தாயி' என்பார். யார் வீட்டில் சாவு, துஷ்டி என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். அந்த நல்ல பேர்தான் கட்சிக்காரர்களை அவர் வீட்டுக்குக் கூட்டிவந்தது.

சீட்டு அவருக்குத்தான் என்று தகவல் வந்த வாரத்தில் ஆபீஸில் தீப்பிடித்தது. குச்சிகளை மருந்தில் முக்குகிற அறை. அதற்கு ஒரே ஒரு கதவு. இன்னொன்று வைக்கணும் என்று மேஸ்திரி உச்சிமாகாளி சொல்லிக்கொண்டேதான் இருந்தான். தேர்தல் முடியட்டும் என்று இவர்தான் தள்ளிப்போட்டார். மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் உள்ளே தனியாக மாட்டிக்கொண்டவள் சொர்ணத்தாயின் மூத்த மகள் அழகுத்தாய். கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளை. உயிர் தப்பியது, கைகள் தப்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்தான் கேட்டார். "வீட்டு அடுப்புல பட்டதுன்னு சொல்லிரு தாயி. ஆபீஸுன்னு வெளிய தெரிஞ்சா பூட்டிப் போட்ருவான். அத்தன குடும்பமும் தெருவுல நிக்கும்லா."

குடும்பங்களை அவர் நினைக்கவில்லை. சுவரொட்டியில் வரப்போகிற தன் முகத்தைத்தான் நினைத்தார். போலீஸ் வந்து விசாரித்தபோது சொர்ணத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு, "கஞ்சி காய்ச்சையில சேலையில பத்திக்கிட்டுதுய்யா" என்றாள். ஒரு சொல் பிசகவில்லை. தேர்தலில் அவருக்காக ஊர் ஊராய்ப் போன பெண்கள் கூட்டத்திலும் அவள் இருந்தாள். ஜெயித்ததும் அவர் செய்த முதல் காரியம், யாருக்கும் சொல்லாமல், அந்த அறைக்கு இன்னொரு கதவு வைத்ததுதான்.

கூட்டம் கலைந்தபின் சொர்ணத்தாய் கிட்டே வந்தாள்.

"இவள நம்ம ஆபீஸுல சேத்துக்கிடணும் அண்ணாச்சி. இப்ப ஆபீஸப் பாத்துக்கிடுற ஒங்க மச்சினர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

"படிக்கிற பிள்ளையில்லா? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு தாயி."

"மழையும் இல்ல, காட்டுல வேலையும் இல்ல. மூத்தவளால வெளிவேலைக்குப் போக ஏலல. இப்பதான் அந்த ரூமுக்கு ரெண்டு கதவு இருக்குல்லா. பயமில்ல."

"ஆபீஸ் மட்டும் வேண்டாம்" என்றார்.

அவள் முகம் சுண்டியது. வேலுத்தாயைத் தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே அண்ணாச்சி. சின்னவளுக்குக்கூடத் தெரியாது. எம்மேல நம்பிக்கையில்லாமயா வேண்டாங்கிய?"

மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அவருக்கு அல்லவா தைரியம் சொல்லுகிறாள்.

"ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அழகுத்தாயை அவர் பார்க்கவில்லை. அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்துக் காட்டையே பார்த்துக்கொண்டு போவார். இன்று ஜீப் அவள் வீட்டு முன்னாலேயே நின்றது.

அழகுத்தாய் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பசை தொட்ட காகிதத்தை மணிக்கட்டால் நீவி விட்டாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வாங்க அண்ணாச்சி! அம்மா, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்திருந்தார்.

"நானும் ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றாள் அழகுத்தாய், சிரித்துக்கொண்டே. "எந்த வெரல்ல மை வைக்கன்னு தெரியாம அந்த சார் முழிச்சாரு பாருங்க. பெறகு நாந்தான் கட்டவெரலக் காமிச்சேன்."

சொர்ணத்தாயும் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழகுத்தாய் உள்ளே போய், ஒரு செம்பில் தண்ணீரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கி, தளும்பாமல் நடந்து வந்தாள். அவர் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். விரல்கள் செம்பின் மேல் இறுகவில்லை. செம்பை விடாமல் அவள் அப்படியே நின்றாள்.

"புடிச்சிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "நான் விடட்டுமா?"