கொடுக்காத நாலாம் பாகம்

ஒரு மனுசியைப் பழிவாங்க எத்தனையோ வழி உண்டு. செய்வினை வைக்கலாம், வழக்குப் போடலாம், படிக்கட்டில் மறித்து வாய்ச்சண்டை பிடிக்கலாம். கனகேஸ்வரி இதில் ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் எடுத்தது ஒரு கதை. உண்மையிலேயே நல்ல கதை. கூடாத கதையைக் கொடுத்து ஒருவரையும் பழிவாங்க ஏலாது, என் செல்லங்களே. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நாலு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்றுக்குள் கனகேஸ்வரியும் கணக்கியல் படிக்கிற அவள் மகன் வசீகரனும். அவளுக்குப் புருசன் இல்லை, துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தாள். மற்றக் கதவுக்குள் அன்னபாக்கியமும் அவருடைய கணவர் நாகேந்திரமும். அன்னபாக்கியம் தபால் கந்தோரில் முப்பது வருசம் இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த இரண்டு கதவையும் திறந்து வைத்திருந்தது புத்தகம்தான். ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு பேரும் படிக்கட்டில் வந்து குந்துவார்கள். கீழ் வீட்டு ரபீக்காவும் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஏறி வருவாள். ஆளுக்கொரு புத்தகத்தைப் புகழ வேண்டும். யாருடைய புகழ்ச்சியைக் கேட்டு மற்றவர்களின் கை நீளவில்லையோ, அவள் தேத்தண்ணீர் போட வேண்டும். அன்னபாக்கியத்தின் கை எல்லாவற்றுக்கும் நீளும். ஒரு புத்தகத்தை யாராவது நல்லது என்று சொல்லிவிட்டால் அதை வாசிக்காமல் அந்த மனுசியால் இருக்க முடியாது. முடிவு தெரியும் வரை சோறு இறங்காது. ஆனாலும் கடைசிப் பக்கத்தை முன்னுக்குப் புரட்டிப் பார்ப்பது அவருக்குச் செருப்போடு கோயிலுக்குள் போகிற மாதிரி. இது கனகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தியின் வாசிப்பு ருசி தெரிந்தவளுக்கு அவளுடைய கழுத்து எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரம், ஆமிக்காரரும் பொலிஸும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். கட்டடத்துச் சனம் முழுவதையும் இறக்கி மதிலோரமாக நிற்கவைத்து அடையாள அட்டை பார்த்தார்கள். அன்னபாக்கியத்தின் வீட்டில் வவுனியாவிலிருந்து வந்த தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேர், வடக்கிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவு இல்லாமல் நின்றார்கள். அதிகாரி அவர்களைக் காட்டிக் கனகேஸ்வரியிடம் கேட்டார், தெரியுமா என்று. அவள் யோசிக்கவே இல்லை.

"தன்னவா மாத்தயா, அப்பே மினிஸ்ஸு" என்றாள். தெரியும் ஐயா, எங்கட ஆக்கள். அவர்களை விட்டார்கள்.

வசீகரனின் அடையாள அட்டை தொலைந்து, புதிதுக்கு எழுதிப் போட்ட துண்டு மட்டும்தான் கையில். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களம் வடிவாகக் கதைக்கிற அன்னபாக்கியத்திடம் போனார். எதிர் வீடுதானே, இந்தப் பொடியனைத் தெரியுமா?

அன்னபாக்கியம் வசீகரனைப் பார்த்தார். பிறகு தன்னுடைய இரண்டு பொடியளையும் பார்த்தார்.

"தன்னே நே" என்றார். தெரியாது.

அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, அடியில் சவ்வோடு உள்நரம்பும் போயிற்று, இனி அந்தப் பக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகு பொடியன் வகுப்புக்கும் போகவில்லை, கீழே இறங்கவும் இல்லை.

"ஏன் தம்பி, வெளியில போய் வாவன்" என்று தாய் கேட்டால் ஒரே பதில்தான்.

"எதிர் வீட்டு ஆளே என்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டா. அடுத்த முறை பிடிச்சா ஆரம்மா தெரியுமெண்டு சொல்லப் போகினம்?"

கனகேஸ்வரி காத்திருந்தாள். ஒரு சொல்லுக்கு. அன்னபாக்கியம் வந்து, 'பயத்தில சொல்லிப்போட்டன் பிள்ளை' என்று கதவடியில் நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், கடைசியில் தேத்தண்ணீரும் போட்டிருப்பாள். புரட்டாசி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. எதிர்க் கதவு திறக்கவில்லை. படியில் கண்டால் அன்னபாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, மழைத்தண்ணீரில் நடப்பவர் மாதிரி நிலத்தைப் பார்த்தபடி இறங்கிப் போனார். கனகேஸ்வரிக்குள் கிடந்தது காய்ந்து இறுகியது. மன்னிப்பு இனி வேண்டாம். அந்த வாயால், இந்தக் கட்டடம் கேட்க, 'தெரியும்' என்ற சொல் வர வேண்டும். அது போதும்.

அவளுடைய கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி. பழைய சஞ்சிகையில் கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதையைக் கிழித்து அடுக்கி, அவளே ஊசி நூலால் பாகத்துக்கு ஒன்றாகத் தைத்து வைத்த நாலு கட்டு. 'உப்பங்கழி வீடு.' அது புத்தகமாக அச்சில் வந்ததே இல்லை. யாழ்ப்பாணத்தில் அதைச் சேர்த்து வைத்திருந்த வீடுகளில் சண்டைக்குப் பிறகு கூரையே மிஞ்சவில்லை. கடதாசி எங்கே மிஞ்சப் போகிறது?

கதை தவமலர் என்கிற பெண்ணைப் பற்றியது. புருசன் கப்பலேறிப் போய்த் தொலைந்து போகிறான். பல வருசம் கழித்து ஒரு கொலை வழக்கில் ஒருவன் பிடிபடுகிறான், 'நான் தவமலரின் புருசன், அன்றைக்கு அவளோடுதான் இருந்தேன், அவளைக் கேளுங்கள்' என்கிறான். தெரியும் என்று சொன்னால், புருசன் செத்துப்போனான் என்று நம்பியிருக்கிற ஊரில் அவள் அரும்பாடுபட்டுத் தேடிய வீடும் பேரும் போகும். தெரியாது என்றால் அவன் கழுத்துக்குக் கயிறு. மூன்றாம் பாகத்தின் கடைசி வரியில் நீதவான் கேட்கிறார்: 'இந்த மனுசனை உனக்குத் தெரியுமா?'

அவ்வளவுதான். மிச்சம் நாலாம் பாகத்தில்.

கனகேஸ்வரி முதல் மூன்று கட்டையும் ரபீக்காவிடம் கொண்டுபோனாள். ரபீக்கா நாலையும் முன்னமே வாசித்தவள்; எதிர் வீட்டுக்கு மட்டும் அது இன்னும் போகவில்லை.

"நீர் இதைத் திரும்ப வாசிக்கத் தேவையில்லை. படியில நிண்டு புகழும், அது போதும்."

ரபீக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "எதிர் வீட்டுக் காதுக்கா?"

"ஓம்."

"நாலாவது கேட்டா?"

"என்னட்ட இருக்கெண்டு சொல்லும். முடிவைக் கேட்டா மறந்துபோச்செண்டு சொல்லும்."

"அல்லாஹ்வே, கனகேஸ்வரி அக்கா! கத்தியால குத்தினாலும் ரெண்டு நாள்ல ஆறும். இது பொல்லாத வேல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு மேல் மாடிப் பக்கம் பார்த்து, சிரிப்பை நிறுத்தினாள். "அந்தப் புள்ளட காத நெனச்சா செய்யத்தான் வேணும். தாங்க."

அடுத்த நாள் மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டு எல்லோரும் கீழே இறங்கியபோது ரபீக்கா தொடங்கினாள். சூரை மீனைப் புரட்டிக்கொண்டே, இப்படி ஒரு கதையை வாழ்நாளில் வாசித்ததில்லை என்றாள். தைக்கக் கொடுத்த சட்டைக்குக் கையை மாறி வைத்துவிட்டேன், அவ்வளவு பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள். அன்னபாக்கியம் மீனை வாங்காமலே நின்றார்.

"அது என்ன கதை, ரபீக்கா?" என்று கடைசியில் கேட்டார். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் கை நீண்டுவிட்டது.

முதற்பாகம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. இரண்டாம் பாகம் ஒரு நாளில். மூன்றாம் பாகம் போன அன்றைக்கு எதிர் வீட்டிலிருந்து சோறு அடிப்பிடித்த மணம் படி முழுக்க மணத்தது. கனகேஸ்வரி தன் குசினி அடுப்படியில் நின்று அந்தத் தீய்ந்த மணத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள். மல்லிகைப் பூவைக்கூட அவள் அப்படி மணந்து பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும்? நீங்கள் கதை கேட்கிறவர்கள், உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அன்னபாக்கியம் ரபீக்காவைப் பிடித்தார். ரபீக்கா நெற்றியைத் தட்டிக்கொண்டு, "முடிவு மறந்து பெய்த்தே அக்கா! புத்தகம் கனகேஸ்வரி அக்காட்டதான் ஈக்குது. நீங்களே கேளுங்களே" என்றாள். அன்னபாக்கியம் கேட்கவில்லை. பஸ் ஏறிப் புறக்கோட்டைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனார். கொட்டாஞ்சேனையில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற கடைக்கும் போனார். பெயரைக்கூட ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வெறும் பையோடு அவர் படியேறி வருவதைக் கனகேஸ்வரி யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

முதலில் வந்தது நாகேந்திரம். இடுப்புச் சறத்தைச் சரிசெய்தபடி கதவடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, அந்த நாலாம் பாகம்... மனுசிக்கு."

"மனுசிக்கோ, உங்களுக்கோ அண்ணை?"

"மனுசிதான். நான் சும்மா... அவ நித்திரை கொள்ளேக்க ஒருக்காப் புரட்டிப் பாத்தனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அவன் மெய்யாவே புருசன்தானோ? அதை மட்டும் சொல்லும், நான் போறன்."

"புத்தகம் வேணுமெண்டா உங்கட மனுசி வரட்டும்."

"அவ வரமாட்டா, பிள்ளை. அவவுக்கு வெக்கம்."

"வெக்கமோ? நல்லது. கொஞ்சம் கூடப் படட்டும்."

மார்கழி மழை தொடங்கிய கிழமையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எதிர்க் கதவு திறந்தது. அன்னபாக்கியம் மூன்றாம் பாகத்துக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முகம் வற்றியிருந்தது.

"கனகம், தவமலர் என்ன சொன்னவள்?"

கனகேஸ்வரி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தனக்கு வந்த முதற்சொல் ஒரு கடதாசிப் பெண்ணைப் பற்றி!

"அக்கா, தவமலருக்கு அழுதனீங்களோ?"

"அழுதனான்."

"என்ர பிள்ளைக்கு?"

அன்னபாக்கியம் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "என்ர வீட்டிலயும் பதியாத ரெண்டு பொடியள் நிண்டவங்கள், கனகம். உன்ர பொடியனைத் தெரியுமெண்டா, என்ர வீட்டையும் கிளறுவாங்களெண்டு பயந்து..."

"அந்தப் பொடியளைத் தெரியுமெண்டு ஆர் சொன்னது? எனக்குப் பயமில்லையோ? எனக்குப் பின்னால ரெண்டு பட்டாளம் நிண்டதோ?"

அன்னபாக்கியம் அந்தக் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. வெட்கம் ஒரு பக்கம் இழுத்தது, கதை மறுபக்கம் இழுத்தது, கதைதான் வென்றது.

"நாலாம் பாகம் தாறன்" என்றாள் கனகேஸ்வரி. "ஆனா வீட்ட கொண்டுபோக ஏலாது. இஞ்ச, என்ர வீட்டில, தம்பிக்குப் பக்கத்தில இருந்து சத்தமா வாசிக்க வேணும். அவனும் கதை கேட்டுக் கனநாளாச்சு."

அன்னபாக்கியம் உள்ளே வந்தார். வசீகரன் யன்னலோரக் கதிரையில் இருந்தான். அவர் அவனுடைய வலது பக்கமாக முக்காலியை இழுத்தார்.

"அங்கால இல்லை அக்கா. இடப்பக்கம்."

"அந்தக் காது..."

"ஓம். அந்தக் காதுக்குத்தான்."

இடது பக்கம் முக்காலி போட்டாயிற்று. கனகேஸ்வரி வாசற்கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் அதற்கு ஒரு கல்லும் வைத்துவிட்டு வந்து நிலையில் சாய்ந்துகொண்டாள். மகனுக்கு அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் இந்த விளையாட்டில் இருக்கிறான் என்றே அவள் நினைக்கவில்லை.

"நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி..." என்று அன்னபாக்கியம் தொடங்கினார்.

"கேக்கேல்லை, அன்ரி" என்றான் வசீகரன். முகத்தைத் திருப்பவில்லை. நல்ல காதான வலது காதுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

குரல் உயர்ந்தது. கேக்கேல்லை. இன்னும் உயர்ந்தது. தபால் கந்தோர் யன்னலுக்குள்ளால் முப்பது வருசம் சனத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரல், கடைசியில் படிக்கட்டு வழியே கீழ் மாடிவரைக்கும் இறங்கியது. தையல் மெஷின் சத்தம் நின்றது. ரபீக்கா ஏறி வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நாலாம் மாடிப் பெண்கள், நாகேந்திரம், மாலைப் பேப்பரோடு வந்த யாரோ ஒருவர். கட்டடமே படியில் நின்று கதை கேட்டது.

"'இந்த மனுசனை உனக்குத் தெரியுமா?' என்று நீதவான் மறுபடியும் கேட்டார். தவமலர் குற்றவாளிக் கூட்டில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள்."

அன்னபாக்கியம் அடுத்த வரியைக் கண்டுவிட்டார். வாய் அப்படியே நின்றது. இத்தனை நாளாக அவர் நித்திரையைக் கெடுத்த பதில் ஒரே ஒரு சொல்லாக அங்கே கிடந்தது. எதற்காக இந்தக் கதை, எதற்காக இந்த முக்காலி, எதற்காகத் திறந்த கதவு என்று அப்போதுதான் அந்த மனுசிக்கு விளங்கியது. அவர் கனகேஸ்வரியைப் பார்த்தார். கனகேஸ்வரி கண்ணை எடுக்கவில்லை.

"வாசியுங்கோ அக்கா. முடிவு தெரிய வேணுமெண்டு வந்தனீங்கள்தானே."

"தெரியும்" என்று வாசித்தார்.

"கேக்கேல்லை, அன்ரி."

"தெரியும்!"

"கேக்கேல்லை."

கட்டு மடியிலிருந்து நிலத்தில் சரிந்தது. அன்னபாக்கியம் இப்போது கடதாசியைப் பார்க்கவில்லை. அந்தச் செத்த காதுக்குக் கிட்டக் குனிந்து, கழுத்து நரம்பு புடைக்க, "தெரியும்! தெரியும்!" என்று கத்தினார். கத்திக் கத்தி அழுதார்.

கனகேஸ்வரி தன் நெஞ்சு ஆறுகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் ஆறியது போலத்தான் இருந்தது. ஆனால் மகன் இன்னும் முகத்தைத் திருப்பவில்லை. அவள் உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அன்னபாக்கியத்தின் கையில் கொடுத்தாள். குடித்து முடியும் வரை நின்றாள். பிறகு நிலத்தில் கிடந்த கட்டை எடுத்து, விட்ட பக்கத்தைப் பிரித்து, அவர் மடியில் வைத்தாள்.

"இன்னும் முப்பது பக்கம் கிடக்கு, அக்கா."