பத்து மில்லி தள்ளி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் அக்காவுக்கும் அவள் கணவருக்கும் ஒரு மெஷினுக்கும் இடையில் நடந்தது. நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். கை வலித்ததற்குக் கூலியாக எழுதிக்கொள்கிறேன்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"ஹோம் என்றால் வீடு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வீடு உண்டு, அது திரும்ப" (வேண்டாம். இந்த ஒப்புமை நான் பேனாவைத் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவிடம் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள்.)

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம்" (மழை பெய்யவில்லை.)

"அக்காவின் பட்டறையில் ஒரே ஒரு மெஷின்தான் இருக்கிறது." இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

2

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. அதில், கணினி சொல்லும் இடத்துக்கு மேஜையை நகர்த்தி இரும்பைக் குடையும் ஒரு மெஷின். அத்தான் வாங்கி நிறுத்தியது. இருவரும் சேர்ந்தே அதை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அத்தான் வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் போய்விட்டார். அக்கா தனியாக ஓட்டுகிறாள்.

மெஷினுக்கு அவள் வைத்த பெயர் மாமியார். "கோவிச்சுக்கும், ஏன்னு சொல்லாது." (இதைக் கேட்டு உண்மையான மாமியாரும் சிரித்தார் என்கிறாள். நான் நம்பவில்லை.)

காலையில் மெஷினைப் போட்டதும் அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது. மேஜையை ஓரத்துக்கு ஓட்டி, அங்கிருக்கும் ஒரு ஸ்விட்சைத் தொட்டுவிட்டு, மெல்லப் பின்வாங்கி, ஓர் இடத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஹோமிங். மற்ற எல்லா அளவும் அந்தப் பூஜ்யத்திலிருந்துதான்.

அந்த மாதம் மாமியார் பூஜ்யத்தை மறக்க ஆரம்பித்தாள். எப்போதும் அல்ல. நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஒருநாள் துளைகள் எல்லாம் தள்ளி விழும். பம்பு மூடிகளுக்கான ஆர்டர். கெட்டுப்போன மூடிகளை அக்கா மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள், முகம் பார்க்கப் பிடிக்காதவள்போல. இன்னொன்று கெட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

3

அவர்கள் தினமும் பேசிக்கொள்ளும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல."

சண்டை எதுவும் கிடையாது. தூரம் அப்படி. (இந்த இடத்தில் தூரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன்.)

அன்று அத்தானின் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கூப்பிட்டாள். அவள் இரண்டு கையும் கிரீஸ். அதனால்தான் நான்.

"மாப்ள, கொஞ்சம் கீழ காட்டுங்க," என்றார் அத்தான். "ஸ்விட்ச் பக்கத்துல இரும்புச் சீவல் ஏதாவது சிக்கியிருக்கா?"

"துடைச்சாச்சுங்க."

"ஸ்விட்சைக் கையால அமுக்கு. திரையில விளக்கு எரியுதா?"

"எரியுது. விட்டா அணையுது."

"ஒயர ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். விளக்கு அசையவில்லை.

"சரி. டயல் கேஜ மாட்டு. ஹோமிங் போட்டு மேஜைய ஒரே எடத்துக்கு வரச்சொல்லு. ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க நிக்குதுன்னு பாப்போம்."

நகர்வை முள்ளால் காட்டும் அந்த வட்டக் கருவியை, மேஜை வந்து முட்டும் இடத்தில் அக்கா மாட்டினாள். மேஜை ஓரத்துக்குப் போனது, தொட்டது, பின்வாங்கியது, வந்தது. முள் பூஜ்யத்தில். மறுபடி. பூஜ்யம். மறுபடி. நான் கையை மாற்றிக்கொண்டேன். அடுத்த முறை மேஜை முள்ளைத் தொடவே இல்லை, முன்னாலேயே நின்றுவிட்டது.

"எவ்ளோ தள்ளி?"

அக்கா மேஜையை மெல்ல நகர்த்தி, முள் பூஜ்யத்துக்கு வந்ததும் திரையைப் படித்தாள். "பத்து மில்லி."

"பத்தா, பத்து சொச்சமா?"

"பத்தே பத்து."

அத்தான் சிரித்தது கேட்டது. "அப்ப ஸ்விட்ச் மேல தப்பில்ல. மேஜையத் தள்ளுற ஸ்குரு ஒரு சுத்து சுத்தினா பத்து மில்லி. ஸ்விட்ச விட்டு வெலகினதும் மோட்டார்ல வர்ற மொதக் குறியத்தான் அது பூஜ்யமா எடுத்துக்கும். குறி ஒரு சுத்துக்கு ஒரு தடவைதான் வரும். இப்ப ஸ்விட்ச் விடுற எடமும் குறியும் ஒட்டிக்கிட்டு நிக்குது. சில தடவ பிடிச்சுக்குது. சில தடவ தவறவிட்டுட்டு அடுத்த சுத்துல பிடிக்குது."

"அப்ப என்ன பண்ண?"

"ஸ்விட்ச அமுக்குற கட்டை லூசாகி நகர்ந்திருக்கும். அஞ்சு மில்லி தள்ளி வெச்சு இறுக்கு."

அக்கா குனிந்து போல்ட்டைத் தளர்த்தினாள். கட்டையைத் தள்ளினாள். இறுக்கத் தொடங்கினாள். கைபேசி கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் அதில் இல்லை.

"நாக்கக் கடிச்சுக்கிட்டிருக்கியா?" என்றார் அத்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

4

இனி நடந்ததை எழுதும்போதுதான் பேனா தயங்குகிறது.

ஹோமிங் போட்டாள். முள் பூஜ்யத்தில் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். முள் ஆணி அடித்ததுபோல் பூஜ்யத்திலேயே நின்றது. கோளாறு தீர்ந்துவிட்டது.

அக்கா புறங்கையால் கைபேசியை ஒதுக்கினாள். அது சுவரைப் பார்த்தது.

"இன்னும் சரியாகலைங்க," என்றாள்.

அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"அப்படியா," என்றார் அத்தான். "சரி. இன்னொரு தடவ போடு."

போட்டாள். மேஜை போய்த் தொட்டுத் திரும்பியது. அது ஓடிக்கொண்டிருக்க, அத்தான் தன் அறைக்கு வந்திருக்கும் புதிய ஆளின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். அக்கா குளியலறைக் குழாய் மாற்றியதைச் சொன்னாள். "நீயா மாத்தின?" "பின்ன யாரு, மாமியாரா?" இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். இருவரும் முன்பு பட்டறையில் பேசியபடி பேசினார்கள், ஒரு வேலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அவசரமில்லாமல். நான் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

(இங்கே அத்தான்மேல் எனக்கு ஒரு சந்தேகம். மெஷின் பின்வாங்கும் சத்தத்தை வைத்தே அதன் சுகக்கேட்டைச் சொல்லிவிடுகிற ஆள் அவர். அவருக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்துதான் "இன்னொரு தடவ" என்றாரா? ஒரு வரைவில் அவருக்குத் தெரியும் என்று எழுதினேன். இன்னொன்றில் தெரியாது. இரண்டிலும் அவர் பேசிய சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.)

பிறகு அவர் கேட்டார்: "நான் வேணா வந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

5

இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது ஒரே விடுமுறை. அதை அவர்கள் தங்கள் மகளுக்காக வைத்திருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி விடுதியில் சேரும்போது அப்பாதான் கூட வந்து பெட்டியைத் தூக்க வேண்டும் என்று அவள் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது வந்தால் அப்போது வர முடியாது.

முடிவு ஒன்று: அக்கா கைபேசியைத் திருப்பி முள்ளைக் காட்டுகிறாள். "சரியாயிடுச்சுங்க." "அப்ப சரி." "வேற என்ன?" "வேற ஒண்ணுமில்ல."

முடிவு இரண்டு: "வாங்க" என்கிறாள். அவர் வருகிறார். மெஷினைப் போட்டுப் பார்க்கிறார். முள் பூஜ்யத்தில் நிற்கிறது. ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போகிறார். சில மாதம் கழித்து விடுதி மாடிப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் நான்.

முடிவு மூன்று: அவருக்கு எல்லாம் தெரியும், அவர் கேட்டது மெஷினைப் பற்றியே அல்ல. அப்படியானால் அக்கா

(தொடர முடியவில்லை.)

நடந்தது இது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள். வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், எனக்கு முதுகு காட்டி நின்று பேசினாள். வாசல் வழியாக அவள் குதிகால் மட்டும் செருப்பை விட்டு எழும்பி எழும்பி இறங்கியது தெரிந்தது. திரும்பி வந்தவள், "அந்த மூடிய எடு, மாட்டலாம்," என்றாள். பொழுது சாய்வதற்குள் மிச்ச மூடிகள் எல்லாம் முடிந்தன. ஒரு துளைகூடத் தள்ளி விழவில்லை.

6

இதுவரை எழுதியதை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மாமியார் பற்றிய வரியில் சிரித்தாள். பொய் சொன்ன இடத்தை இரண்டு முறை படித்தாள், அடிக்கச் சொல்லவில்லை.

"வெளிய போய் என்ன சொன்னே?"

"அதை எழுதாதே."

"படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும். வீட்டுல யாராவது தூரத்துல இருக்கிறவங்களுக்கு நீ சொல்ல வேண்டியதில்ல. அப்படி யாரும் இல்லாதவங்களுக்குச் சொன்னாலும் புரியாது."

ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு எது வாய்க்க வேண்டுமோ அதை அவள் வாயில் வையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் அவர்கள் மகள் பள்ளியில் இருந்தாள், கடைசி மணிக்காக ஜன்னலைப் பார்த்தபடி, தன்னைக் கேட்காமல் யாரோ தன் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல்.