இரண்டு விரல் அகலம்

மேடம் கொடுத்த ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொன்பது தீர்ந்துவிட்டது. திண்டிவனத்தில் எங்கள் பின்னல் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் மடியிலும் அவர் கேட்ட சாம்பிள் துண்டு இல்லை.

ப்ரியதர்ஷினி மேடத்துக்குக் கோட்டக்குப்பத்தில் கடை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வந்தவர், ஆரோக்கியசெல்வி அக்காவின் தலையணை உறையைத் தடவிப் பார்த்தார். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் துணி தறியில் நெய்ததுபோல் கெட்டியாக, மேடு மேடாக இருந்தது.

"உறை முழுக்க இப்படி வரணும். வியாழன் அஞ்சு மணிக்குள்ள சின்னதா ஒரு சாம்பிள் காட்டுங்க. அறுபது உறை தர்றேன்."

ஆறு பேருக்கும் மழைக்காலம் முழுக்க வேலை. அக்கா தலையாட்டிவிட்டார். அந்த இடத்தை அவர் பின்னவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்து, ஊசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். உதவியாக இருக்கட்டும் என்று நான் எடுத்துப் பதினோரு வரிசை பின்னினேன். திரும்பி வந்தவர் கவனிக்காமல் மேலே தொடர்ந்தார்.

எங்கள் அறையில் ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது. கை மாறினால் இறுக்கம் மாறும், துணி கோணும். தொட்டதற்காகப் போன வருடம் ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். நான் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேதியியல் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள்.

"அன்னிக்கு என்னா நெனச்சிக்கினு போட்டக்கா? அதயே நெனச்சிப் பாரு" என்றாள் கலையரசி.

"ரேஷன் கடையதான் நெனச்சேன். இப்பவும் நெனச்சிட்டேன். வரல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "என் கை போட்டது என் கைக்கே தெரியல. பேஜாரா கீது."

எனக்கும் நேற்றுவரை தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்து பின்னிப் பார்த்தேன். ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையம்தான் கண்ணி. ஒரு கண்ணியைப் பின்னாமல் மறு ஊசிக்கு மாற்றும்போது நூல் துணியின் உள்பக்கம் போக வேண்டும். வேண்டுமென்றே முகப்பக்கம் விட்டேன். கண்ணியின் மேல் சிறு கோடு விழுந்தது. அன்று நான் செய்த தப்பு அதுதான்.

"கொயந்தைக்காம்மா?" என்றார் பக்கத்து சீட்டு அம்மாள்.

"இல்லங்க" என்றேன். விக்கிரவாண்டி வருவதற்குள் உள்ளங்கை அளவு வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு அக்கா போனை எடுத்தார். "முடியாதுன்னு சொல்லிடறேன்."

"இன்னும் மூணு மணி நேரம் கீதே" என்றாள் கலையரசி.

"மூணு நாள் குடுத்தாலும் வராதுடி."

மேடத்தின் போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய், பஸ்ஸில் பின்னிய துண்டை அக்காவின் மடியில் வைத்தேன். அக்கா விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். போனை அணைத்தார்.

"இது எப்பிடி வந்துது, இசை?"

மற்ற நாலு பேரும் ஊசியை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் பதினோரு வரிசை நான் போட்டதுக்கா. நீங்க இல்லாதப்ப உங்க ஊசிய நான்தான் தொட்டேன்."